எண்பது பாக் யூரியாவும் ஒரு சைபரும்

ஐயோ சேர், உதில இருக்காதேங்கோ! உது... உது ஆடுற வைக்கல் கட்டு. இஞ்சால வாங்கோ, இந்தப் பால் வாளியைக் கவிட்டு விடுறன், ராசா மாதிரி இருக்கலாம்... இருந்திட்டியளே? சரி. இருந்தாப் பிறகு என்ன செய்யிறது. அசையாம இருந்தாக் காணும்.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், கடுதாசி! இந்த நாட்டில மாடு சாணி போட்டாலும் கடுதாசி, சேர். எத்தினை மாடு, எத்தினை கண்டு, எந்த வயலுக்கு எத்தினை வண்டில் சாணி கொட்டினது, கிணத்துக்கு எவ்வளவு தள்ளிக் கொட்டினது... மாட்டுக்கே தெரியாத விசயமெல்லாம் கேக்கினம். இப்ப புதுச் சட்டமாம். ஆத்துத் தண்ணி கெட்டுப்போகுதாம். அதால ஒவ்வொரு பால் பண்ணைக்காரனும் கடையில வாங்கிப் போட்ட யூரியா எவ்வளவு எண்டு வருசா வருசம் எழுதிக் குடுக்கவேணுமாம். அந்த ஒரு கேள்விதான், சேர். அந்த ஒரு கேள்விதான் அந்தக் கவர்மெண்ட் மனிசியை இஞ்ச கொண்டுவந்து விட்டிருக்கு. அந்தா பாருங்கோவன், மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு சோளனுக்கை நிண்டு இலை இலையாப் பிடிச்சுப் பாக்கிறா. டொக்டர் நாடி பாக்கிற மாதிரி. பக்கத்தில பொல்லு ஊண்டிக்கொண்டு நிக்கிறார், அவர்தான் எங்கட முதலாளி, வின்சன்ட்.

எனக்குப் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோட முடிஞ்சிடும். அதால, இந்த வசந்தத்தில வயல் வேலை பாத்த இந்தச் சிவநேசம் என்ன சொல்லுறான் எண்டு கேட்டுச் சொல்ல உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவவாம். சந்தோசம். யூனிவர்சிட்டியில மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறவராம், மெட்ராஸ் பக்கமாம், மணிவாசகமாம்... பேரே வடிவா இருக்கு. அவ தோட்டம் சுத்தி வர எப்பிடியும் அரை மணித்தியாலம் செல்லும். அதுக்கிடையில நான் ஒழுங்காச் சொல்லி முடிச்சிடுவன். நான் சுருக்கமாக் கதைக்கிற ஆள்.

என்ன சேர், மூக்கைச் சுருக்கிறியள்? மாட்டு மூத்திரம். மாட்டுக்கொட்டிலில அத்தரே மணக்கும்? உந்த மணத்துக்கு நான் அஞ்சு வருசமாப் பழகிட்டன். மொன்றியல் செயின்ட்-மிஷேலில இருந்து விடியக்காலமை பஸ், பேந்து மெட்றோ, பேந்து இன்னொரு பஸ். லவாலில வேலை எண்டால் எங்கட சனம் என்ன கடை எண்டு கேக்கும். மாட்டுப் பண்ணை எண்டால் சிரிக்கும். லவாலில மாடு நிக்குதோ எண்டு. ஓம், நிக்குது, முப்பத்திரண்டு நிக்குது! நீங்கள் சேலுக்குச் சப்பாத்து வாங்க வாற இடத்துக்குப் பின்னாலதான் நிக்குது!

இந்தாங்கோ, பச்சைமிளகாய். மனிசி யோகராணி பாணோட கடிக்கக் கட்டி விடுறவ. எங்கட வீட்டுப் பின்படிக்குக் கீழ, நாலு பழைய வாளியில காய்ச்சது. கடிச்சுப் பாருங்கோ... ஆ! எப்பிடி? மொன்றியல் குளிருக்கை இப்பிடி ஒரு மிளகாய் கண்டியளே? மிச்சத்தைப் பொக்கற்றுக்கை வையுங்கோ, வீட்டை கொண்டு போங்கோ. என்ன போட்டு வளத்தனானோ? சாணிதான். வேறை என்ன? வெறும் சாணி. எல்லாரும் ஏன் என்னட்டை உதையே கேக்கிறியள்?

சரி, விசயத்துக்கு வாறன். தை மாசம் ஐஸ் மழை கொட்டினதெல்லே, மரமெல்லாம் கண்ணாடி மாதிரி முறிஞ்சு விழுந்து, ஊரெல்லாம் கரண்ட் இல்லாமப் போய்... அப்ப இந்த வாசல்ல சறுக்கி விழுந்து வின்சன்ட்டுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. கறக்கிற மிசின் ஓடாது. ஆறு நாள் முப்பத்திரண்டு மாட்டையும் கையால கறந்தது ஆர்? மாட்டோட மாடா இஞ்சயே படுத்துக் கிடந்து, பத்து விரலும் வாழைக்காய் மாதிரி வீங்கி... ஒரு மாடும் மடி கட்டிச் சாகேல்ல, சேர். அந்த மனிசன் ஆசுபத்திரிக் கட்டிலில கிடந்து என்ர கையைப் பிடிச்சு அழுதது. என்ர அகதி வழக்குக்கும் கடிதம் தந்தவர். "சிவா பொய் சொல்லமாட்டான்" எண்டு அதில எழுதியிருக்காம். மகள் அஜந்தா வாசிச்சுச் சொன்னவள்.

அதுதான் பிழை. உப்பிடி ஒரு கடிதம் ஒருத்தனுக்கும் எழுதிக் குடுக்கக் கூடாது.

வசந்தம் வந்தோண்ண உரக்கடை லொறி வந்து எண்பது பாக் யூரியா இறக்கிப்போட்டுப் போச்சு. வின்சன்ட் கட்டிலில இருந்தே ரெலிபோன்ல சொல்லுறார்... சோளனுக்கு அதைப் போடு, அந்தக் கடுதாசியையும் நிரப்பிக்கொண்டு வா, நான் கையெழுத்து வைக்கிறன் எண்டு. ஆர் நிரப்பிறது? எனக்குப் பிரெஞ்சு தெரியுமே? வீட்டை கொண்டு போனன். அஜந்தா வாசிச்சாள். வாசிச்சுப்போட்டு அந்தப் பிள்ளை சொல்லுது, "அப்பா, கவர்மெண்ட் கேக்குது, நீங்கள் யூரியா எவ்வளவு போடுறியளாம்?"

எழும்பாதேங்கோ சேர்! கால் விறைச்சால் நீட்டுங்கோ, எழும்பாதேங்கோ. காற்சட்டையில என்ன? அந்த வெள்ளைக் குறுணியே? அது... உப்பு. மாட்டுக்கு நக்க வைக்கிற உப்பு. தட்டி விடுங்கோ. மணந்து பாக்காதேங்கோ!

எங்க விட்டனான்? ஓம், இப்ப என்ன பிரச்சினை எண்டால், கடுதாசியில யூரியா போட்டது சைபர் எண்டு இருக்கு. உரக்கடைக்காரன்ர புத்தகத்தில எண்பது பாக் வித்தது எண்டு இருக்கு. களஞ்சியத்தில பாத்தால் ஒரு பாக்கும் இல்லை. சோளன் எண்டால் கிளிப்பச்சையில ஆள் உயரத்துக்கு நிக்குது. வின்சன்ட்டோ, "எண்பது பாக்கும் போட்டது, சிவா போட்டவன்" எண்டு நெஞ்சில அடிச்சுச் சொல்லுறார். அப்ப அந்தக் கடுதாசி பொய் தானே எண்டு அவ நிக்கிறா. பொய்க் கடுதாசி குடுத்த பண்ணைக்கு வாற வருசம் சாணி கொட்ட அனுமதி இல்லையாம். சாணி கொட்டேலாட்டி மாடு வச்சிருக்கேலாது. அந்த மனிசன் முப்பத்திரண்டு மாட்டுக்கும் பேர் வச்சிருக்கிறார், சேர். ஒவ்வொண்டுக்கும் பிறந்தநாள் வேறை.

நான் என்ன சொல்லுறன் எண்டால்... நீங்கள் படிச்ச ஆள். ஏதாவது விஞ்ஞானமா எடுத்து விடுங்கோவன். இந்த மண் தன்ர பாட்டில யூரியா செய்யும், லவால் காத்தில ஒரு சத்து இருக்கு, அப்பிடி ஏதாவது. என்ன, தலையை ஆட்டுறியள்? ஒரு தமிழனுக்குத் தமிழன் இது கூடச் செய்யக் கூடாதே? உரக்கடைக் கொம்பியூட்டர் பிழை எண்டாவது சொல்லுங்கோவன்.

சேர், உங்கட ஊரில யூரியா எண்டால் உரம். எங்கட ஊரில வழக்கு. சண்டைக்கை, வெடி செய்யிற சாமான் எண்டு கவர்மெண்ட் தடை போட்டது. ரோச்சுக்குப் போடுற பற்றி வரக்கூடாது, யூரியா வரக்கூடாது. என்ர தோட்டத்து வெங்காயத்துக்கு இது விளங்குமே? அது பாட்டில மஞ்சளாகுது. தொண்ணூத்தொண்டில நான் எங்கயோ அலைஞ்சு அரை பாக் எடுத்து, சைக்கிளில தவிட்டுக்குக் கீழ வச்சுக் கட்டிக்கொண்டு வந்தனான். சென்றியில ஆமிக்காரன் தவிட்டுக்கை கையை விட்டான்... பதினொரு நாள். அரை பாக்குக்குப் பதினொரு நாள் காம்பில இருந்தனான். அதுக்கை என்ன நடந்தது எண்டு யோகராணிக்கே சொல்லேல்ல, உங்களுக்கும் சொல்லமாட்டன். திரும்பி வரேக்கை வெங்காயம் முழுக்கக் கருகிப் போச்சு, அதை மட்டும் சொல்லுறன்.

இப்ப சொல்லுங்கோ. உப்பிடிப்பட்ட ஒருத்தனிட்டை கவர்மெண்ட் வந்து யூரியா எவ்வளவு எண்டு கேட்டால்? நான் முதல்ல யன்னல் திரையை இழுத்து மூடினன். பேந்து கணக்குப் பாத்தன். அரை பாக்குக்குப் பதினொரு நாள் எண்டால், எண்பது பாக்குக்கு ஆயிரத்து எழுநூத்து அறுபது நாள். அஜந்தா பள்ளிக்கூடமே முடிச்சிடுவாள், சேர்! "சைபர் போடு பிள்ளை" எண்டன். "அப்பா, இது கனடா" எண்டாள். "சைபர் போடடி" எண்டு கத்தினன். வின்சன்ட் கண்ணாடி இல்லாமக் கையெழுத்து வச்சார். நான் குடுத்தால் அந்த மனிசன் எதுக்கும் வைப்பார்.

ஓம், சிரியுங்கோ. எனக்கும் இப்ப சிரிப்பு வருது. அண்டைக்கு வரேல்ல.

ஆனா பாருங்கோ, நான் பொய்க்காரன் இல்லை. சைபர் எண்டு எழுதினாப் பிறகு ஒரு பிடி போட்டாலும் அது பொய் எல்லோ? அதால நான் போடேல்ல! ஒரு பிடியும் போடேல்ல! சாணிதான் போட்டனான். பாத்துப் பாத்து, நேரத்துக்கு உழுது, வரிசை வரிசையாச் சாணி. அந்த அறுவான் சோளன் கொஞ்சம் மெலிஞ்சு வந்திருந்தாலாவது அவ நம்பியிருப்பா. அது இப்பிடிக் கொழுத்து நிண்டு என்னைக் காட்டிக் குடுக்குது. மழைக்கோட்டுக்காரி இலையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கிறா, சாணியில இவ்வளவு சத்து இருக்கு எண்டு அவவே நம்புறா இல்லை. உண்மையைச் சொல்லுற ஒரே பொருள் அந்தக் கடுதாசி. அதைத்தான் எல்லாரும் பொய் எண்டினம்!

அப்ப எண்பது பாக்கும் எங்க எண்டு கேக்கப் போறியள். கேளாதேங்கோ.

பொறுங்கோ... வின்சன்ட் ஏன் இந்தப் பக்கம் கையைக் காட்டுறார்? நெஞ்சில கை வைக்கிறார். உங்களுக்கு அவையின்ர கதை கேக்குதே? என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ சேர், மறைக்காதேங்கோ... "பிழை என்ரதா இருக்கும், சிவாவின்ர இல்லை, அவன் பொய் சொல்லமாட்டான்"... அப்பிடியே சொன்னவர்? மழையில நிண்டு, அந்த இடுப்போட?

ஐயோ. இந்த மனிசனோட என்னால ஏலாது.

எழும்புங்கோ சேர். ஓம், இப்ப எழும்புங்கோ. அந்த வைக்கல் கட்டை இஞ்சால இழுங்கோ. அடுத்ததையும். மூடிக் கிடக்கிற நீலப் படங்கு தெரியுதே? அதுதான். நீங்கள் இவ்வளவு நேரமும் அதுக்கு மேலதான் இருந்தனீங்கள். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறது எண்டுவினம், நான் எண்பதை வைக்கலுக்கை மறைச்சனான். ரண்டு பாக் எலி வெட்டிப்போட்டுது, அதுதான் உங்கட காற்சட்டையில... என்ன? இருந்த உடனேயே மணத்தில தெரிஞ்சதே? தெரிஞ்சு கொண்டே மிளகாயும் கடிச்சுக்கொண்டு என்னைக் கதைக்க விட்டனீங்கள்? பொல்லாத ஆள் சேர் நீங்கள்!

அவவைக் கூப்பிடுங்கோ. வடிவாச் சொல்லுங்கோ: கடுதாசி சரி, சைபர் சரி. வின்சன்ட் பொய் சொல்லேல்ல, அவருக்குத் தெரியாது. வெடி செய்ய ஒளிக்கேல்ல, பயத்தில ஒளிச்சது. பயத்துக்குப் பிரெஞ்சில ஒரு நல்ல சொல்லாப் பாத்துப் போடுங்கோ. வின்சன்ட்டுக்கு நான் பேந்து... இல்லை, அவருக்கும் இப்பவே சொல்லுங்கோ. என்னை நிப்பாட்டிறது எண்டால் நிப்பாட்டட்டும். மாடுகள் நிக்கட்டும்.

அந்தா, வருகினம். என்ன சேர்? எண்ணவோ? எண்ணத்தான் வேணுமே? எண்பது எண்டே சொல்லுங்கோவன், ஒரு சொல்லு தானே... எண்ணித்தான் எழுதுவாவே?

எழுபத்தொன்பதரை, சேர்.

ஏன் பொக்கற்றைத் தடவுறியள்? ஓம். மிளகாய்க்குத்தான். சாணியும் போட்டனான், ஆனா அரை பாக்... பை அடியில கிழிஞ்சு கிடந்தது, மனம் கேக்கேல்ல, கொண்டு போட்டன். அதை மட்டும் சொல்லாதேங்கோ சேர். மிச்சம் எல்லாத்தையும் சொல்லுங்கோ, அதை மட்டும் விடுங்கோ. அந்த அரை பாக்குக்கு நான் ஏற்கெனவே பதினொரு நாள் இருந்திட்டன்.