பெட்டி நிறைஞ்சுபோச்சாம்

கட்டக் கட்டக் கட்டக்... டிங்! நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கேட்ட டெலக்ஸ் சத்தம், இன்னும் காதுல இருக்கு. அது என்னைக்காவது ‘பெட்டி நிறைஞ்சுபோச்சு, கடிதத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்’னு சொல்லியிருக்கா, கோ நியாஸ்? பேப்பர் தீர்ந்தா இன்னொரு உருளை மாட்டுவோம், அவ்வளவுதான். இது ஈமெயிலாம்! ரெண்டு கன்டெய்னர் மாட்பே ஆர்டர் திரும்பிப் போயிருக்கு. மாட்பேன்னா உளுந்து... அட, ரங்கூன்காரர்கிட்டயே சொல்றேன் பாருங்க!

உட்காருங்க, லப்பெயே டீ ஆறுது. உங்க கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துதானே, போடலாம். காகிதம் எங்க ஓடப்போகுது?

என் கூட்டாளி மா பல்கீஸ் இருக்காளே, காலையில கத்திட்டுத்தான் துறைமுகத்துக்குப் போனா. “இன்னொரு ஆர்டர் இப்படிப் போச்சுன்னா நான் பிரிஞ்சுக்கறேன், மக்தா அக்கா!” தொண்ணூறுல ஆரம்பிச்ச கூட்டு! அதனால மெயிலை எல்லாம் மேகத்துல, உங்க கிளவுட்ல, கொண்டுபோய் வைக்கணுமாம். மேகத்துல! நம்ம லான்மடாவ் தெருவுல வருஷத்துல ஆறு மாசம் என் வாசல்ல தண்ணி விடறதே அந்த மேகம்தான், அதுகிட்டயே கடுதாசியையும் குடுக்கணுமா? சிரிக்காதீங்க... சரி, சிரிங்க, எனக்கே சிரிப்பு வருது.

சிங்கப்பூர்ல பெரிய மிஷின், அங்க கரண்ட் போகாதுன்னீங்க. இங்க போகுமே! அப்ப அதை எதை வச்சுப் பார்க்கிறது, மெழுகுவர்த்தியை வச்சா?

பெட்டி ஏன் நிறைஞ்சதுன்னா... கரண்டுதான் காரணம். இல்ல, மா பல்கீஸ் பேத்தி அனுப்பற படங்கள்... சேச்சே, அது பாவம், மூணே மூணு படம்.

சொல்லிடறேன். கதவைச் சாத்துங்க. நான்தான்.

தூத்துக்குடியில அமிர்தநாதன்னு ஒருத்தர் எங்ககிட்ட உளுந்து வாங்கினார். மேல இங்கிலீஷ்ல ஆர்டர், இத்தனை டன், இன்ன கப்பல். கீழ தமிழ்ல ரெண்டு மூணு வரி, கூடவே கடலை ஒரு போட்டோ. மா பல்கீஸ் தமிழ் பேசுவா, வாசிக்கத் தெரியாது. ‘இன்று காற்றே இல்லை. உங்கள் கப்பலை யார் தள்ளிக்கொண்டு வருவார்? நான் வரட்டுமா?’ கேட்டீங்களா! உளுந்துக்குக் கீழ! அறுபது வயசுல காது சூடாகுது எனக்கு. நானும் எழுதினேனே, ‘வராதீர்கள், மூட்டைகளுக்கே இடமில்லை’ன்னு! அன்னைக்கு அடிச்ச இன்வாய்ஸ் அத்தனையும் தப்பு.

அந்த மாதிரி கடிதம் முந்நூறுக்கு மேல இருக்கும். ஒண்ணுகூட அழிக்கலை. எனக்கு அழிக்கத் தெரியாதுன்னு மா பல்கீஸ்கிட்ட சாதிச்சு வச்சிருக்கேன்.

நேத்து ஒரு கடிதத்தை மேகத்துல திறந்து காட்டினீங்களே. ஆர்டர் அப்படியே இருந்தது. தமிழ் இருந்த இடத்துல கட்டம் கட்டமா, ஜன்னல் ஜன்னலா... எங்க எழுத்து இந்தப் பழைய கம்ப்யூட்டர் மிஷின்ல மட்டும்தான் இருக்கு. நீங்க கவனிக்கலை. நான் பார்த்துட்டேன்.

குடுங்க பேனாவை. கூட்டு முறியக்கூடாது. ஆனா இந்த மிஷின் இங்கேயே இருக்கும், அதையும் காகிதத்துல எழுதுங்க.

என்ன? இனி வர்ற தமிழுக்கு வேற எழுத்து போட்டுத் தர்றீங்களா? வேண்டாம், கோ நியாஸ். போன வருஷம் அமிர்தநாதன் கடையை மகன்கிட்ட ஒப்படைச்சிட்டு நாகர்கோவில்ல மகள் வீட்டுக்குப் போயிட்டார். அங்க கம்ப்யூட்டர் இல்லை.