எட்டுக் கிலோ

— ஏன்டா தமிழு, இப்படி எரைக்குது! மொதல்ல உக்காரு.

— பைபாஸ்ல இருந்து நிக்காம ஓடியாறேனுங்க்கா... ஆறு கிலோமீட்டரு!

— பஸ் ஸ்டாப்புக்கே வண்டி எடுத்தவன் நீயி. நாய் கீய் தொரத்துச்சா?

— கிண்டல் பண்ணாதீங்க்கா. மூணு மாசமாப் பழகறேனல்லொ.

— நீச்சலு?

— பொங்கலூர்ல மகுடேஸ்வரன் தோட்டத்துக் கெணறு. மொத வாரம் மெதக்கறதுக்கு இடுப்புல காலிக் கேனக் கட்டிட்டு எறங்கினேன். மேல நின்னவங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே... இப்பக் கேன் இல்லாம இருவது சுத்து!

— அப்பறம் சைக்கிளு...

— சாமளாபுரம் போயிட்டு வாரது. நீந்தி, மிதிச்சு, ஓடி... மூணும் ஒரே நாள்ல. அதுக்குப் பேருதான் ட்ரையத்லான். அடுத்த மாசம் கோயமுத்தூர்ல. அது கெடக்குது, கஞ்சி குடிச்சீங்களா?

— ரெண்டு வாய். எறங்கல.

— கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது. கால் வீக்கமும் வடியல. கட்டி வந்த ஈரல மாத்திட்டா எல்லாம் செரியாப் போயிருமுங்க்கா, டாக்டரு அப்பவே...

— அந்தப் பேச்ச எடுக்காதன்னு சொன்னேனல்லொ. கையில என்ன?

— டீசர்ட். பேரு பதிஞ்சதுக்குப் போட்டிக்காரங்க குடுத்தது. எல் சைஸ்! போன தீவாளிக்கு எக்செல்.

— குடு இங்க.

— எதுக்குங்க்கா?

— குடுறா... பதினாலு வருசம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல நின்னவ. கை சும்மா இருக்குமா.

— அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க்கா, குடுங்க.

— தமிழு.

— ம்?

— கழுத்துப் பட்டி சேர்ற எடத்துல ரெண்டு தையல் விட்டிருக்குது. நம்ம கம்பெனி மூணாம் நம்பர் மிசினுதான் இப்படி விடும். நானே எத்தன பீசத் திருப்பி அனுப்பியிருக்கேன். பிரிண்ட்டு நம்ம கம்பெனி தங்கராஜ் போட்டானா?

— அக்கா...

— போட்டியே இல்லியா?

— போட்டி இருக்குதுங்க்கா. நான் பேரு குடுக்கல.

— அப்பறம் எதுக்குடா உசுரக் குடுத்து ஓடற?

— வையாதீங்க, சொல்றேன்... நானும் மச்சானும் உங்களுக்குத் தெரியாம டாக்டரப் பாத்தோம். என்ற ஈரல்ல பாதிய உங்களுக்கு வெக்கலாமாம். ரத்தமெல்லாம் பொருந்துது. ஈரல்ல கொழுப்பு இருக்குது, எட்டுக் கிலோ எளச்சுட்டு வான்னாரு.

— நான்தான் வேண்டாம்னேனல்லொ... கல்யாணமாகாத பையன் வயித்தக் கிழிச்சா நான் பொழைக்கோணும்?

— இப்படிச் சொல்லுவீங்கன்னுதான் போட்டின்னு பொய் சொன்னேன். ஏழரை கொறஞ்சிருச்சுங்க்கா! இன்னும் அரைக் கிலோதான். அடுத்த வாரம் எடை பாத்தா முடிஞ்சுது. நீங்க மட்டும் மாட்டேங்காதீங்க, உங்க கால்ல வேணா விழறேன்... ஏனுங்க்கா அழுவறீங்க?

— அழுவல.

— சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

— கண்ணு... நீ அந்தப் போட்டிக்கு நெசமாவே பேரு குடுத்துரு.

— நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க? ஈரலக் குடுத்துட்டு ஒடனே எப்படிங்க்கா நீந்தறது?

— குடுக்க வேண்டியதில்ல, சாமி. போன செவ்வாக்கெழம ஸ்கேன் பாத்தாங்க... கட்டி ஈரலத் தாண்டி நுரையீரல் வரைக்கும் போயிருச்சாம். இனி யாரு ஈரல வெச்சாலும் ஆவாதாம். நீ எதுக்கு ஓடறீன்னும் அன்னிக்கு டாக்டரு சொல்லித்தான் எனக்குத் தெரியும், உன்ற வாயாலயே வரட்டும்னுதான் இத்தன நேரம் கேட்டேன். உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு உங்க மச்சான்கிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். தெனமும் நீ ஒரு சுத்து எளச்சு வந்து நிக்கறப்ப, எப்படிடா வாயத் தொறப்பேன்? உன்ற கல்யாணத்துல கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீருக்கு உன்ற பக்கத்துல அக்கா நிக்கோணுமல்லொ... எனக்குப் பதிலா அந்த எடத்துல வந்து நில்லுன்னு சித்தப்பா பொண்ணு சண்முகப்பிரியாகிட்டக் கேட்டேன், அழுதுட்டே சரின்னா.