முன்கள ஆட்டக்காரர்களை அவசரப்பட்டு எடைபோட்டவர்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் சார்ஜென்ட், டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு வருஷா வருஷம் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுப்பது என் வேலை. உங்கள் மச்சானைக்கூட நான்தான் எடுத்தேன். கோல் ஒன்றும் போடவில்லை, ஆனாலும் தங்கமான பையன்.

டாரில் லண்ட்கிரென் விஷயத்துக்கு வருகிறேன். நான் எடுத்த முன்கள ஆட்டக்காரர்கள் இத்தனை காலத்தில் எப்படித் தேறினார்கள் என்று பார்த்துச் சொல்ல, அணி முதலாளி அவரை ரெஜைனா நகரத்திலிருந்து வரவழைத்தார். மரியாதையான மனிதர். பனி அப்பிய பூட்ஸை வாசலிலேயே கழற்றினார். ஒரு வாரம் பழைய ஆட்டங்களையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஓரஸ்ட். நீங்க எடுத்ததுல ஒருத்தன்கூடத் தேறல. அந்த ப்ரோடிக்குப் பின்பக்கமா மட்டுந்தான் சறுக்க வருது."

"அவனுக்கு இன்னும் காலம் இருக்கு டாரில்."

"அவனுக்கு நாப்பது வயசுங்க. பல் டாக்டரா இருக்கான்."

"சில பேருக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

சிரித்தார். நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்றார். ஒரு மனுஷனின் வாழ்நாள் உழைப்பை ஒரு வாரத்தில் எடைபோடுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். ஐஸ் உறையவைக்கும் இயந்திரத்தைக் காட்டுகிறேன் என்று அரங்கத்துக்கு அடியில் கூட்டிப்போனேன். அவர் உள்ளே போனதும் கதவைப் பூட்டினேன். அடைத்துவைத்தான் என்று எழுதுகிறீர்கள். பொறுத்திருந்து பார்க்க அவகாசம் கொடுத்தான் என்றும் எழுதலாம்.

பட்டினி போடவில்லை. என் மனைவி செய்யும் பெரோகிக் கொழுக்கட்டையைப் புளிப்புப் பாலேட்டோடு கொண்டுபோனேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் ரேடியோவில் கேட்கவைத்தேன். முதலில் கத்தினார். அப்புறம் இறங்கிவந்தார்.

"எல்லாரும் நல்ல பசங்கதான் ஓரஸ்ட். கதவத் தொறங்க, கை மரத்துப்போச்சு."

மனசார வரவில்லை, குரலிலேயே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் யோசியுங்கள் என்றேன்.

அங்கே குளிர் சற்று அதிகம்தான். ஜனவரியிலிருந்து அவர் மறுத்துப் பேசுவதில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சாவி என் கோட்டுப் பையில் இருக்கிறது. இடதுபக்கக் கதவு. வலதுபக்கத்தைத் திறந்துவிடாதீர்கள், அது கோல்கீப்பர்களை எடைபோட வந்த பெண்மணியின் அறை. அவரைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை.