செவ்வாய்க்கிழமை கிளாஸ்

கனகம்: ...திமிரு புடிச்ச போலீஸ்காரன். கார் கண்ணாடிய எறக்கி, 'ஏனுங்க, சத்தி ரோடு இதுதானுங்களா'ன்னு எத்தன மருவாதியாக் கேட்டேன். வாயே தொறக்கல பாரு.

சபுரா: எப்படித் தொறப்பான்? அது பொம்மை.

கனகம்: எது?

சபுரா: அந்தப் போலீசு. வண்டிக மெதுவாப் போவோணும்னு நிறுத்தி வெச்சிருக்கற பொம்மை. பாதி அன்னூரே நின்னு சிரிச்சுது.

கனகம்: எனக்குத் தெரியாதாக்கும்? உன்னயச் சிரிக்க வெக்கலாம்னுதான் கேட்டேன்.

சபுரா: ரெண்டு வாட்டி கேட்டியே...

கனகம்: நல்லாச் சிரிக்கோணுமில்ல.

சபுரா: சரி, நேராப் பாரு. முன்னால வெங்காய லாரி. பிரேக்கு லைட்டு எரியுது... கனகம், எரியுதுங்கறேன்.

கனகம்: தெரியுது, தெரியுது. வழி பூரா போர்டு படிக்கறே, லாரி படிக்கறே. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைய ஏத்திட்டு வந்தாப்பல இருக்குது.

சபுரா: படிக்கத் தெரிஞ்ச பெருமைதான். புளியம்பட்டி வந்தாச்சு, எடது பக்கம் வளைவு... மெதுவா... ஆடு! கனகம், ஆடு, ஆடு!

கனகம்: எங்க, எங்க?

சபுரா: யா அல்லா. நல்லவேளை, பிரேக்கப் புடிச்சே.

கனகம்: ஒண்ணும் ஆகலயில்ல? சொல்லு புள்ள, ஒண்ணும் ஆகலயில்ல?

சபுரா: இல்ல. மேய்க்கறவரு நம்மளக் கும்புட்டுட்டுப் போறாரு. திட்டக்கூடத் தெம்பில்ல போலிருக்குது.

கனகம்: நான் வேகத்தடைன்னு நெனச்சேன்.

சபுரா: ம்... கத்துற வேகத்தடை.

கனகம்: என்ற ஊட்டுக்காரரு இருந்திருந்தா, 'பாத்தியா, இதுக்குத்தான் உனக்குச் சாவி குடுக்கல'ன்னிருப்பாரு. வண்டிக்கு உறை போட்டு வெச்சு, ஞாயித்துக்கெழம மட்டும் கழட்டித் தொடைப்பாரு. நான் தொட்டாக் கைரேகை பட்டுரும். அவரு போனதுக்கப்பறம், அறுவது தாண்டி லைசென்ஸ் வாங்கிப்போட்டேன். இனி எவன் கேட்டாலும் இந்தச் சாவியக் குடுக்க மாட்டேன். என்ன, ஆட்டப் பாத்ததுல இருந்து வாயே தொறக்க மாட்டீங்கறே? நீயும் பொம்மையா?

சபுரா: ஆறு வந்துருச்சு. இப்படி ஓரமா, மரத்தடில நிறுத்து. பாலத்த வரைஞ்சுக்கறேன்.

கனகம்: வரை, வரை. செவ்வாய்க்கெழம தவறாம காந்திபுரத்துக்கு டிராயிங் கிளாஸ் போறே. போன வாரம் நீ குடுத்த காங்கேயங் காளையப் பாத்துட்டு என்ற பேத்தி அக்ஷிதா, 'பூசணிக்காய்க்கு எதுக்குப் பாட்டி கொம்பு'ன்னு கேக்கறா.

சபுரா: வயசான கை. வளைய மாட்டீங்குது.

கனகம்: பள்ளிக்கூடத்துச் செவுரு பூரா சாக்பீசுல கிறுக்கி அடி வாங்குனவதானே நீ. அதுல பாதி அடி எனக்கு உழுந்துது. கல்யாணத்துக்கப்பறம் பென்சிலத் தொடாம இருந்து, இப்பத்தான் எடுத்திருக்கறே. வரும், வரும். காத்து நல்லா இருக்குதில்ல?

சபுரா: ம்... ஆச்சு. இந்தா, பாரு.

கனகம்: அதுக்குள்ளயா? குடு... அட! பாலம் அப்படியே நிக்குது புள்ள.

சபுரா: தண்ணி?

கனகம்: தண்ணியுந்தான். ஓடறாப்பலயே இருக்குது. இந்த மூலைல மரம் மட்டும் சித்தெ எச்சு, பெருசாயிருச்சு...

சபுரா: கனகம்.

கனகம்: கொற சொன்னாக் கோவமாக்கும்?

சபுரா: அது வெறுந்தாளு. பென்சிலே எடுக்கல நானு. அந்த ஆட்டுக்குப் பதுலா ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள வந்திருந்தா?

கனகம்: ...எப்ப இருந்து தெரியும் உனக்கு?

சபுரா: ஆடி மாசம். உன்ற ஊட்டு வாசல்ல, உனக்கு நேரா வந்து நின்னேன். 'யாருங்க, என்ன வேணும்'னு கேட்டே.

கனகம்: வெளையாட்டுக்குக் கேட்டேன்னு சிரிச்சனே!

சபுரா: நானுந்தான் சிரிச்சேன்.

கனகம்: எத நேராப் பாத்தாலும் நடுவுல ஒரு கறை. தொடைச்சாப் போயிரும்னு மூக்குக் கண்ணாடியவே தொடைச்சுட்டு இருந்தேன்... ரோடு ஓரஞ்சாரமாத் தெரியுது. மனுசங்க மூஞ்சிதான் தெரியறதில்ல. இனித் திரும்பாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாங்க.

சபுரா: எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?

கனகம்: சொன்னா நீ சாவியக் கேப்பே.

சபுரா: இப்பவுங் கேக்கறேன். குடு.

கனகம்: எல்லாந் தெரிஞ்சும் எதுக்குடி பக்கத்துல உக்காந்து வந்தே? சாவறதுக்கா?

சபுரா: நான் வரலைன்னா நீ தனியாப் போவே.

கனகம்: இந்தா. புடி. வால்பாறை, மைசூரு, மூணாறுன்னு என்ன பேச்சுப் பேசுனோம்... வண்டி மறுக்காவும் உறைக்குள்ளதான் போவோணும். போவுட்டும் போ. உனக்காச்சும் அந்தச் செவ்வாய்க்கெழம கிளாஸ் இருக்குது. அத மட்டும் உட்றாத புள்ள.

சபுரா: அத எப்பவோ உட்டாச்சு. நீ என்னய 'யாருங்க'ன்னு கேட்டதுக்கு அடுத்த வாரத்துல இருந்து நான் போறது டிரைவிங் ஸ்கூலு. உன்ற கண்ணு முழுசாப் போறதுக்குள்ள பழகிப்போடலாம்னு பாத்தேன். டெஸ்ட்டுல மூணு வாட்டியும் பெயிலு, கனகம்... எறங்கு. பஸ் ஸ்டேண்டு வரைக்கும் நடக்கோணும்.