ஆறாவது மதிப்பீடு

ராம்பால் மாதிரி பருத்திச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவரை நான் தில்லியில் பார்த்ததில்லை. காலரை முதலில் உள்பக்கம் தேய்த்துவிட்டுத்தான் வெளிப்பக்கம் திருப்புவார். கரிப்பெட்டியிலிருந்து ஒரு பொறி தெறிக்காது. பதினொரு வருடத்தில் என் சட்டை ஒன்றுகூடக் கருகியதில்லை. அவர் உயிரோடு இருந்தவரை ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சொல் வாயில் வர மறுக்கிறது.

வாக்குமூலத்தை இந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதலாம் என்று விசாரணையில் சொன்னீர்கள். தமிழில் எழுத அனுமதி கேட்டது நான்தான். இங்கிலீஷில் எழுதினால் இது ஓர் அறிக்கையாகிவிடும். அறிக்கை எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்பது உங்களுக்கே தெரியும்.

என் பெயர் இராஜமாணிக்கம். சொந்த ஊர் அரியலூர். கட்டுமானங்களில் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. எங்கள் குடியிருப்பின் நடுவே நிற்கும், நின்றுகொண்டிருந்த, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என் மேசைக்கு வந்தது சென்ற ஜனவரியில். கட்டி நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. வரைபடம் தொலைந்துவிட்டது. தூணுக்குள் கம்பி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டுமானால் தூணை உடைக்க வேண்டும். உடைத்தால் பார்ப்பதற்குத் தொட்டி இருக்காது. இரண்டு மூன்று சோதனை முடிவுகள் இருந்தன, அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இப்படிக் கையில் தகவல் இல்லாதபோது நிபுணர்களைக் கேட்போம். ஐந்து பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒரு வருடத்துக்குள் இது விழ எவ்வளவு வாய்ப்பு என்று ஆளுக்கு ஓர் எண் எழுதச் சொல்வோம். எல்லோர் வார்த்தைக்கும் ஒரே எடை கொடுக்க முடியாதில்லையா, அதனால் முதலில் அவர்களுக்கே ஒரு பரீட்சை. பத்துக் கேள்விகள். விடை எனக்கு மட்டும் தெரியும். அவர்கள் ‘இதற்கும் இதற்கும் நடுவில்’ என்று விடையைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவரின் எண்ணுக்கு எடை அதிகம். ரொம்பத் தவறியவருக்குப் பூஜ்யம், அதாவது அவர் எழுதிய எண்ணைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்தப் பத்துக் கேள்விகளைத் தயாரிக்கிற ஆள் நான்.

ஐவரில் ஒருவர் வசுமதி. மயூர் விஹாரில் இருக்கிறார். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றி முப்பது வருடம் படித்தவர். தொட்டியைப் பார்க்கப் போன அன்று மற்ற நால்வரும் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் அறுபது வயதில் ஏணியில் ஏறி, சின்னச் சுத்தியலால் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். உள்ளங்கையெல்லாம் சிவப்பு.

“இதுல தண்ணி நிக்கக் கூடாது சார். கம்பி இருக்க வேண்டிய எடத்துல துருதான் இருக்கு,” என்றார்.

கேள்விகளை நான் அப்போது தயாரித்திருக்கவில்லை.

தொட்டியைக் காலி செய்தால் புதியது கட்டி முடிய ஒன்றரை வருடம். அதுவரை அறுநூறு வீட்டுக்கும் டேங்கர் லாரிதான். தில்லியில் மே மாதம் டேங்கர் வரும்போது நடக்கிற தள்ளுமுள்ளு உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவி லதாவுக்குப் பிப்ரவரியில் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் தேதி குறித்திருந்தோம். வாளி தூக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நீங்கள் மூன்று நாளாகத் தேடினீர்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, எதுவும் கொடுக்கவில்லை. வாளிதான்.

பரீட்சைக் கேள்விகள் விஷயத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது முறை. இந்தத் தொட்டிக்கு விஷயம் துரு. நான் பத்தில் எட்டுக் கேள்வியைக் காற்றழுத்தத்திலும் மண்ணின் தாங்குதிறனிலும் வைத்தேன். தொட்டிமேல் காற்று அடிக்கும், தொட்டி மண்ணில் நிற்கும், ஆகவே யாரும் குறை சொல்ல முடியாது. வசுமதிக்கு அவை தெரியாது. அதோடு, இருபது வருடப் பழக்கத்தில் எனக்கு இன்னொன்றும் தெரியும். ‘தெரியாது’ என்று சொல்ல அவருக்கு வராது. தெரியாத இடத்திலும் ‘நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்’ என்று இறுக்கமாகத்தான் எழுதுவார். அப்படித்தான் எழுதினார். எட்டும் தப்பு.

நால்வரும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். வசுமதி பத்தில் ஒன்று. ஐந்துக்கும் சம எடை கொடுத்திருந்தால் ஐம்பதில் ஒன்று வந்திருக்கும். நூறில் ஒன்றைத் தாண்டினாலே தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. வசுமதிக்குப் பூஜ்யம் விழுந்ததால் ஆயிரத்தில் ஒன்று என்று வந்தது. கணக்கில் ஒரு புள்ளிகூட நான் மாற்றவில்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்கு ஒப்புதல் தர வேண்டிய குழுவின் தலைவர் அனந்தகிருஷ்ணன் அதைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், கேள்விகளைத் தயார் பண்ணினது யார் என்று. நான்தான் என்றேன். “அப்போ கவலையில்ல. நீங்களே அங்கதானே குடியிருக்கீங்க,” என்றார். ஆமாம் சார் என்றேன். எங்கள் பிளாக் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அவர் கேட்கவில்லை, ஐந்நூறு மீட்டர் என்று நானும் சொல்லவில்லை.

வசுமதி சண்டை போடுவார் என்று பயந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் விடைத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ஜட்ஜ்மென்ட் போயிடுச்சு போல சார். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க.”

அப்படியெல்லாம் இல்லை மேடம் என்று ஆறுதல் சொன்னேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் போகவில்லை.

ஜூன் மாதம் ராம்பால் என்னைக் கூப்பிட்டார். தொட்டியின் அடியில், இரண்டு தூணுக்கு நடுவே, அவருடைய மேசை. நாள் முழுவதும் நிழல் இருக்கும் இடம். மேலேயிருந்து ஒரு சில்லு பெயர்ந்து மேசைமேல் விழுந்திருந்தது. பின் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடிக்கு மாறிக்கொள்ளலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லியிருந்தார்களாம். அங்கே வெயில், ஆனாலும் மாறட்டுமா என்று என்னைக் கேட்டார். எஞ்சினியர் சாப் என்றால் அவருக்கு நான்தான்.

“யஹாங் டீக் ஹை நா, சாப்?” இங்கேயே இருக்கலாம்தானே என்று.

அவர் மாறினால் ஏன் மாறினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். நாலு பேர் கேட்டால் அறிக்கையைத் திரும்ப எடுப்பார்கள். எடுத்தால் அந்தப் பத்துக் கேள்வியையும் யாராவது படிப்பார்கள். “பில்குல் டீக் ஹை”, இங்கே ஓர் ஆபத்தும் இல்லை என்றேன். ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது, பயப்படாதே என்றும் சொன்னேன். அவர் சிரித்தபடி என் சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சில்லை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதன் ஒரு பக்கம் முழுக்கத் துரு. இப்போது என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தது ஆகஸ்டில், இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. எனக்கு லீவு. ராம்பாலின் மனைவி சுமன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூட்டையைப் பிரித்து, லதாவிடம் துணிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம், அப்புறம் தண்ணீர். லதா ஜன்னலுக்கு ஓடினாள். சுமன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. என்ன விழுந்தது என்று பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சுமன் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கையிலிருந்த சட்டையை மடிப்புக் கலையாமல் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

ராம்பாலை மாலையில்தான் எடுத்தார்கள்.

சுமனாவது பிழைத்தாளே என்று சில வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். துணியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கச் சொன்னவன் நான்தானே. இதைத்தான் நேற்று நீங்கள் கேட்டீர்கள். பத்து வருடம் லதாவே போய் வாங்கிவந்த துணி, மே மாதம் அறிக்கை கொடுத்த வாரத்திலிருந்து ஏன் வீட்டுக்கு வந்தது என்று. முழங்கால் ஆபரேஷன் என்று பதில் சொன்னேன். சுமனிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அது பொய். ஏப்ரல் கடைசியிலேயே லதா தினம் பூங்காவை மூன்று சுற்று நடந்துகொண்டிருந்தாள்.

ஐந்து பேர் ஐந்து எண் எழுதினார்கள். கேள்வி கேட்கிறவன் தன் எண்ணைச் சொல்லக் கூடாது என்பது முறை. நான் எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், லதாவிடம் மட்டும் சொன்னேன்.

“இனிமே நீ அந்தத் தொட்டிப் பக்கம் போகாத.”