முப்பது வேளை, பதினஞ்சு நாள்

ஹலோ... ஆங், சொல்லுங்க மாப்ள. நாலு நாளா ஒரு போன் இல்ல, இன்னிக்குத்தான் மச்சான் ஞாபகம் வந்துச்சாக்கும்... எடை மேடைலதான். வேற எங்க இருப்பேன்? வரிசையா ஏழு லாரி நிக்குது... யாரு, உன் பொண்டாட்டியா? என் வீட்டுலதான் இருக்கா. சாப்பிடுறா, தூங்குறா, உன் பேரை மட்டும் எடுக்கறதில்ல. நேத்து என்கிட்ட, "அண்ணா, எனக்கு வாடகைக்கு ஒரு ரூம் பாரு"ங்கிறா. தெரியுமா உனக்கு?... ம்... ம்... இப்ப எங்க இருக்க? மருந்துக் கடைலயா?... என்ன பவுடர்?... கொலாஜனா! மாட்டுத் தோல், மீன் செதில்ல எடுக்கிறானே, அதானே... ஏன், முட்டி வலியா உனக்கு?... என்ன, ம்ம்னு இழுக்குற. சரி, விடு. ரெண்டு டப்பால எது லாபம்னு தெரியணும், அவ்வளவுதானே? சொல்லு.

யோவ்! வண்டியை முன்னாடி எடு! பின் சக்கரம் மேடை மேல ஏறவே இல்ல, யார்கிட்ட காட்டுற வித்தை?... உன்னைச் சொல்லல மாப்ள. நீ சொல்லு.

பெரிய டப்பா... ஆமா... முந்நூறு கிராம்... "முப்பது வேளைக்கு"ன்னு முன்னாடி போட்டிருக்கானா? போடுவான். டப்பாவைத் திருப்பு... பின்பக்கம்யா, பொடி எழுத்துல இருக்கும்... கண்ணாடி கொண்டு வரலையா? கிழிஞ்சுது. கடைல இருக்கிற பொண்ணைப் படிக்கச் சொல்லு... ஆமா... ஆமா... ஒரு வேளைன்னா ஒரு கரண்டி, பத்து கிராம். அப்புறம்?... தினம் ரெண்டு கரண்டி! பார்த்தியா? அப்போ எத்தனை நாள் வரும்?... முப்பதா? உனக்கு எவன்யா கணக்கு சொல்லிக் குடுத்தான்? பதினஞ்சு நாள்! பதினஞ்சாவது நாள் டப்பாவைக் கவுத்துத் தட்டிட்டு நிக்கணும்.

அந்தப் பத்து கிராம்ல கொலாஜன் எவ்வளவு?... அஞ்சுதானா! மீதி சர்க்கரை, கலரு, வாசனை. மணல்ல தண்ணி ஊத்தி எடை ஏத்துறவனை நான் தினம் பார்க்கிறேன், இவன் அவனுக்கு அண்ணன். விலை?... ஆயிரத்து இருநூறு. நாளுக்கு எண்பது. சின்னதை எடு... ஆயிரத்து நானூறா, இருக்கட்டும்... இருநூறு கிராம்... கலப்பு இல்ல... தினம் ஒரே கரண்டி, பத்து கிராம். இருபது நாள் வரும். நாளுக்கு எழுபது. ரெண்டுலயும் உள்ள போறது அதே பத்து கிராம்தான். எது லாபம்?... பெரிய டப்பா பார்க்கப் பெருசா இருக்கா? நீ கூடத்தான்யா பார்க்கப் பெருசா இருக்க.

எத்தனை நாள் குடிக்கணுமாம்?... தொண்ணூறா? அப்போ பெருசுல ஆறு டப்பா. குடிச்சா முட்டி வலி போயிடுமாமா?... என்னது?... முகச் சுருக்கமா?

மாப்ள. இது யாருக்கு?

...

அடப்பாவி! உனக்கு வெக்கமா இல்ல? உன் ஆபீஸ் ஆளுங்க அத்தனை பேர் முன்னாடி, "இவளைக் கூட்டிட்டுப் போனா அக்காவான்னு கேக்கிறாங்க"ன்னு சொல்லிச் சிரிச்ச. அதுக்குத்தான் அவ பையைத் தூக்கிட்டு வந்தா. அதுக்குச் சமாதானமா சுருக்கத்துக்குப் பவுடரா? மூளையை எங்கய்யா அடகு வெச்ச?... ஆசையா வாங்குறியா? உன் ஆசைல இடி விழ! காலைல அவ கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் சீப்பைத் தேடுற மாதிரி நடிக்கிறா... நீ பேசாத. கணக்கு கேட்டல்ல? தொண்ணூறு நாள், நூத்தி எண்பது கரண்டி. ஒவ்வொரு கரண்டியைக் கலக்கும்போதும் நீ சொன்னது அவ காதுல கேக்கும். நூத்தி எண்பது தடவை.

...

திருப்பிக் குடுத்துட்டு வா... பில் போட்டாச்சா? எதை?... பெருசையா! இவ்வளவு நேரம் நான் செவுத்துக்கிட்டயா கத்திட்டிருந்தேன்?... ஹலோ... என்னய்யா, அழுவுறியா? கடைல நின்னு அழாத, அந்தப் பொண்ணு பார்க்குது... சரி... சரி, கேளு.

சாயங்காலம் வீட்டுக்கு வா. டப்பாவை அவகிட்ட நீட்டாத, நீட்டினா உன் மண்டைலயே போடுவா. அவ எதிர்ல உட்காரு. ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கி, நீ குடி... ஆமா, நீதான்! கண்ணாடி இல்லாம டப்பால இருக்கிற எழுத்தைப் படிக்க முடியல, மீசைக்கு மை. இதுல அவளுக்கு வயசாயிடுச்சாம். வயசானது எனக்குத்தான்னு உன் வாயால அவகிட்ட சொல்லு. தினம் வா, தினம் குடி, தினம் சொல்லு. டப்பா தீர்றதுக்குள்ள அவ ஒரு தடவை சிரிச்சா உன் அதிர்ஷ்டம்...

சிரிக்கலைன்னாவா?... அப்போ போய்ச் சின்னதை வாங்கு. அதுல இருபது நாள் வரும். வை போனை, லாரி நிக்குது.