இரண்டாவது சிங்கம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காக்கிச் சட்டையைக் கண்டால் என் மனைவி ஞானசௌந்தரிக்கு எத்தனை கரண்டி போட்டோம் என்பது மறந்துவிடும். உங்களோடு வந்த மோட்டார் வாகன ஆய்வாளர் வாசலில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். வரட்டும். அந்த வண்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது யாருக்கும் கஷ்டம். நாம் பேசி முடிக்கும்வரை எதையும் தொட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

நீங்கள் காரைக்காலுக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார்கள். அதனால் எங்கள் காணும் பொங்கலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடற்கரைச் சாலையில் கார்கள் வந்து வரிசையாக நிற்கும். யாரும் யாரையும் அழைப்பதில்லை. வைத்திருப்பவர்கள் கழுவித் துடைத்துக் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான். நாகூர் வியாபாரி ஒருவரின் பிளிமத், வெயிலில் வெளுத்த ஒரு ஹில்மன், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப். எழுபதுகளின் கடைசியில் துபாய்க்காரர்கள் டாட்சன், டொயோட்டா என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஊரே சுண்டல் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். தூரத்தில் வரும்போதே என்ன வண்டி என்று முதலில் சொல்பவனுக்கு அங்கே ஒரு தனி மரியாதை. அது பல வருஷமாக எனக்குத்தான் கிடைத்துவந்தது.

தங்கப்பன் என்று ஒரு வாத்தியார். ஒருமுறை ஸ்டாண்டர்டு வண்டி ஒன்றைப் பார்த்து வாக்ஸால் என்றார். அவரிடம் படிக்கிற பையன்கள் பக்கத்திலேயே நின்றார்கள். நான் மெதுவாகத் திருத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். கிட்டப் போயி மூக்குல எழுதியிருக்குறத எல்லாருக்கும் கேக்குறாப்புல வாசிங்க சார்" என்றேன். மனிதர் போய் வாசித்தார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. தெரியாத விஷயத்தில் வாயைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

என் வண்டி பெஜோ 203. என் அப்பா செல்லையன் சைகோனில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்த காலத்திலேயே அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கறுப்பு நிறம், மஞ்சள் வெளிச்சம் அடிக்கும் முகப்பு விளக்குகள், ஸ்டியரிங் இடது பக்கம், மூக்கில் ஒரு சிங்கத் தலை. கோட்டுச்சேரியில் எல்லோரும் சிங்க வண்டி என்பார்கள். கூட்டுறவு சங்கத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரிகள்கூட என்னைச் சிங்க வண்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தியாகராசன் என்ற என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மற்றவர்கள் கடற்கரையில் பானட்டைத் திறந்து இன்ஜினைக் காட்டுவார்கள். நான் திறந்ததில்லை. கடல் காற்றில் உப்பு ஏறிவிடும் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்தக் கரையில் இதைப் போல வேறொன்று இல்லை என்பதால் அதற்குரிய பக்குவமும் எனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பினார்கள். அபூர்வம் என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். இரண்டு இருந்தால் அது வெறும் ஜோடி.

போன வருஷம், எண்பத்து மூன்று காணும் பொங்கலுக்கு, இரண்டாவது வந்தது. மன்சூர் அலி மஸ்கட்டில் கார் விற்கிற கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பூவத்தில் புது வீடு கட்டிக்கொண்டார். புதுச்சேரியில் கொட்டகை ஒன்றில் கிடந்த 203-ஐ வாங்கி, பிரான்ஸில் இருக்கிற சொந்தக்காரர்கள் மூலமாக உதிரிபாகங்களை வரவழைத்து ஓடவைத்துவிட்டார். அதே சிங்கம். சாம்பல் நிறம். வந்து நின்றதும் பானட்டைத் திறந்தார். கூட்டம் என் வண்டியை விட்டு அங்கே போனது. யாரும் ஓடவில்லை, ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். நான் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்துவிட்டுக் கலைவது வழக்கம். அது முடிந்ததும் மன்சூர் என்னைத் தண்ணீரோரமாகத் தனியே அழைத்துப் போய் ஒரு விஷயம் பேசினார். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுவோம்.

பிறகு நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம். பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருவேட்டக்குடி வரை போய்த் திரும்பும். அவர் என்னை அண்ணே என்பார். அவர் மனைவி ஆரிபாவும் அண்ணே என்றுதான் கூப்பிடும். பெருநாளுக்கு பிரியாணி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து பலகாரம் போகும்.

இடது பக்க ஸ்டியரிங்கில் ஒரு சங்கடம் உண்டு. நம் சாலையில் முன்னால் போகிற வண்டியை வலது பக்கமாகத்தான் தாண்ட வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்வண்டியின் முதுகுதான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது பாதி வண்டி வெளியே வந்த பிறகுதான் தெரியும். அதனால் வலது பக்க இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மன்சூருக்கு ஆரிபாதான் கண். "வருது மச்சான்", "காலி மச்சான், போங்க" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே வரும்.

நாங்கள் இருவரும் சேர்ந்து போகும்போது இன்னொரு வழி வைத்திருந்தோம். நானும் இடது பக்கம், அவரும் இடது பக்கம். நான் ஜன்னல் வழியாக இடது கையை நீட்டினால் அது அவருக்கு நேராகத் தெரியும். உள்ளங்கையைப் பின்னால் காட்டினால் இரு என்று அர்த்தம். புறங்கை தெரியக் கையை முன்னோக்கி வீசினால் பாதை காலி, தாண்டு. வேறு எந்த வண்டிக்காரனுக்கும் இது பயன்படாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட என் கை தவறியதில்லை. அவர் என் கையைப் பார்த்து யோசிப்பதை நிறுத்திவிட்டார், பார்த்தவுடன் திருப்புவார். நம்பிக்கை அப்படித்தான் வளரும், அவசரப்படக் கூடாது.

இந்த வருஷம் காணும் பொங்கலன்று நானே பூவத்துக்குப் போனேன். ஞானசௌந்தரி வைத்த சர்க்கரைப் பொங்கலை வெண்கலப் பானையோடு எடுத்துக்கொண்டு போனேன். ஆரிபா வழக்கம்போல முன்னால் வலது பக்கம் ஏறப் போயிற்று.

"தங்கச்சி, இத மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காருங்க. முன்னாடி வச்சா பிரேக் போடுறப்ப கவுந்துரும்" என்றேன்.

"அப்ப இவங்களுக்கு ரோடு பாத்துச் சொல்றது யாருண்ணே?"

"நான் முன்னாடி போறேன்ல. என் கை சொல்லும்."

மன்சூர் சிரித்தார். "அண்ணன் கை இருக்குறப்ப எனக்கு என்ன கவலை? நீ பொங்கலப் பாத்துக்க, திங்காம கொண்டுவந்து சேரு."

இந்த வருஷம் கடற்கரைக்குள் அவர் வண்டிதான் முதலில் நுழைய வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணாம்ண்ணே, மூத்தவங்க நீங்க. ஒங்க வண்டிதான் முன்னாடி போவணும்" என்றார். நான் விடவில்லை. கோட்டுச்சேரி தாண்டியதும் கை காட்டுகிறேன், முந்திக்கொண்டு போங்கள் என்றேன்.

கோட்டுச்சேரிக்கு அப்பால் சாலை நேராக இருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அறுவடைக்கு நிற்கிற சம்பா. மாயவரம் பஸ் வரும் என்று தெரியும், அந்த டிரைவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்பதும் தெரியும். பஸ் தெரிந்ததும் நான் வழி விடுவதுபோல இடது பக்கமாக ஒதுங்கினேன். மன்சூரும் என் பின்னாலேயே ஒட்டி ஒதுங்கினார், அவருக்கு என் வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். சரியான நேரம் வரும்வரை காத்திருந்தேன். கையை நீட்டி முன்னோக்கி வீசினேன்.

அவர் உடனே வலது பக்கம் திருப்பினார். என் பக்கத்தில் வந்தபோது ஒரு சின்ன ஹாரன் அடித்தார். நன்றி சொல்கிற ஹாரன். அவர் எப்போதும் அப்படி அடிப்பார்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் நிறைய விபத்து பார்த்திருப்பீர்கள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தினேன். இறங்கி என் வண்டியின் மட்கார்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகு நடந்து போனேன். அவருடைய சிங்கத் தலை பிய்ந்து தாரில் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த அலமாரியில், தீப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சாட்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்சூருக்கு அப்போது உயிர் இருந்தது. பேச முடியவில்லை, என்னைப் பார்த்தார். இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். நீங்கள் தாண்டச் சொன்னீர்களா, இருக்கச் சொன்னீர்களா என்று கேட்கிறார் என நினைக்கிறேன். நான் உள்ளங்கையைக் காட்டினேன். தன் தவறு என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். அது அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதல்தான், சிநேகிதன் செய்தான் என்று தெரிவதைவிட.

ஆரிபா பிழைத்துக்கொண்டது. தோள் எலும்பும் காலும்தான் போயிற்று. முன் இருக்கையில் இருந்திருந்தால் பஸ் அதன்மேல்தான் ஏறியிருக்கும். என்னால்தான் அது உயிரோடு இருக்கிறது, இதை யாரும் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "ஏண்ணே கை காட்டுனீங்க?" என்று கேட்டது. "இருங்கன்னுதாம்மா காட்டுனேன். அவரு மாத்திப் புரிஞ்சுக்கிட்டாரு" என்றேன். ஆரிபா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "நான் முன்னாடி உக்காந்திருந்தா மவுத்தா போயிருக்க மாட்டாங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. நான் மறுத்துப் பேசவில்லை. அழுகிறவர்களிடம் விவாதம் செய்யக் கூடாது.

ஆரிபாவுக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மூளை வேலை செய்திருக்கிறது. தனக்குத் தெரிந்தது உள்ளங்கை இல்லை, புறங்கை என்று உங்களிடம் மனு எழுதிக் கொடுத்தது. சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நல்ல கண். பஸ் டிரைவர் கருப்பையனை விட்டுவிடுங்கள், அவர் பிரேக்கில் ஏறித்தான் நின்றார். உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இன்று நீங்களும் முதலில் அதைக் கேட்கவில்லை. வாசலில் நின்று, பிரேக்கைச் சோதிக்க வேண்டும், இன்ஜின் நம்பரையும் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளரிடம் சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது. அதனால்தான் உள்ளே கூப்பிட்டு டீ போடச் சொன்னேன்.

தண்ணீரோரமாக மன்சூர் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. சத்தத்த வச்சுக் கேக்குறேன். உள்ள இருக்குறது அம்பாசிடர் இன்ஜின்தானே?" என்றார். பழைய இன்ஜின் வெடித்துப் பத்து வருஷம் ஆகிறது. கும்பகோணத்தில் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் தங்கையன் செத்துப்போய்விட்டார், தானாகத்தான். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு டாக்ஸியிலும் இருக்கிற இன்ஜின், சார். மன்சூர் என் தோளைத் தட்டி, "ஓடுதுல்ல, அது போதும்ண்ணே. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அல்லாஹ் மேல ஆணையா" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆரிபாவுக்குக்கூடத் தெரியாது. யாராவது என்னிடம் பானட்டைத் திறக்கச் சொன்னால், "கடக்காத்துப்பா, உப்பு ஏறிரும்" என்று அவரே குறுக்கே புகுந்து சொல்வார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கேலி இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் முழுக்கப் பாவம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் நான் செய்தது அதற்காக இல்லை. முன்பே சொன்னேனே, அபூர்வம் என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே கை காட்டினேன், மன்சூர் அலியை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், விலங்கு மாட்டி நடத்திக் கூட்டிப் போனாலும் வருகிறேன். பானட்டை மட்டும் திறக்க வேண்டாம் என்று அந்த ஆய்வாளரிடம் சொல்லுங்கள் சார், தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள்.